மாங்குளம் சந்தியில் இறங்கியவனின் பாட்டு

மாதாவே துணை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
29.1.1967

அன்புள்ள மார்கிறட்டுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாமா மாமியும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டபடி இருக்கிறேன். நீ அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. அறையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். ஸ்கந்தபுரத்து யோகநாதன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் இருந்தான், பாவம், சைவக்காரப் பிள்ளை.

வருகிற மாதமும் வர முடியாது மார்கிறட். துறைமுகத்தில் கப்பல் நெருக்கம். ஓவர்ரைம் செய்யச் சொல்கிறார்கள். கோபிக்காதே.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் எங்கள் ஷெட்டுக்கு மூலை உடைந்த மரப்பெட்டி ஒன்று வந்தது. சரிபார்க்கத் திறந்தேன். உள்ளே முழுக்க இசைத்தட்டுகள். ஒரு கொம்பனியின் பெயரும் இல்லை. நடுவில் ரப்பர் முத்திரை குத்தியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் நான்கு பெடியன்கள் தள்ளுவண்டியோடு எடுக்க வந்தார்கள். கிற்றார், பேஸ் கிற்றார், றம் மேளம், ஓர்கன் என்று ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கிறவர்கள். பாட்டும் அவர்களே கட்டுகிறார்கள். கொம்பனிக்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று, தாங்களே வெளியூரில் தட்டு அடிப்பித்து, உறையையும் கோதுமை மாப் பசையால் தாங்களே ஒட்டுகிறார்கள். "ஐயா, ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று என் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

கேட்டேன். அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்படி இந்த ஊரில் எத்தனை குழுக்கள் தெரியுமா? தெகிவளையில் அண்ணன் தம்பி மூன்று பேர் வாசிக்கிறார்கள். வெள்ளவத்தையில் இன்னும் மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பெடியன்கள். றேடியோவில் இவர்களின் சத்தமே வராது. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கே வாசிக்கிறார்கள் என்று தேடிப் போக வேண்டும். எனக்குப் பிடித்தவர்கள் அந்த மரப்பெட்டிக்காரர்தான். 'ரின் றூவ்ஸ்' என்று பெயர். தகரக்கூரைக்காரர்.

அவர்களின் புதிய தட்டு இப்போதுதான் வந்தது. உன் தம்பி கொன்ஸ்ரன்ரைனின் மீன் லொறியில் உனக்கு ஒன்று அனுப்புகிறேன். வெயில் பட்டால் வளைந்துவிடும், அதனால் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். எங்கேயாவது போட்டுக் கேள். கேட்டுவிட்டு, பாடுகிற குரல் உனக்குப் பிடித்ததா என்று எழுது. உண்மையை எழுது. ஏன் கேட்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன் உன்,
கிறகோரி


மாதாவே துணை

மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
6.2.1967

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் தட்டும் கிடைத்தன. தட்டு சூடை மீன் மணக்கிறது. துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்குச் சில சந்தேகங்கள். கோபிக்காமல் பதில் எழுதுங்கள். கோவிலில் பாட்டு எழும்பினால் கொட்டாவி விடுகிறவருக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது? பெட்டி ஐப்பசியில் வந்ததாம். மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு வந்து மூன்று நாள் நின்றீர்கள். பெட்டியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. இப்போது ஏன் ஞாபகம் வந்தது? அது போகட்டும். ஓவர்ரைம் என்று எழுதிய அதே கடிதத்தில், சனிக்கிழமை பின்னேரம் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சனிக்கிழமை வேலை, எந்தச் சனிக்கிழமை பாட்டு என்று ஒரு தரம் பிரித்துச் சொல்லுங்களேன்.

உறையில் நான்கு பேரின் படம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு பேரின் முன்னாலும் நீங்கள் சொன்ன நான்கு வாத்தியங்கள். பாடுகிற ஆள் எங்கே? பாடுகிற ஆளைப் படத்தில் போடாமல் மறைப்பானேன்? "ஏன் கேட்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்" என்றால் அது என்ன கதை?

எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீரூற்றில் ஐயாத்துரையரிடம் இருக்கிறது. கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவரிடம் கொண்டு போய்த்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புச் சோதனை முடியட்டும், போகிறேன்.

நாளை மறுநாள் விபூதிப் புதன். தபசு காலத்திலாவது சனிக்கிழமைகளில் வீட்டில் இருங்கள். உயிர்ப்புத் திருநாளுக்குக் கட்டாயம் வர வேண்டும். முன்னொரு தடவை போல் கடைசி நேரத்தில் தந்தி அடிக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்கு மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை.

உங்கள்,
மார்கிறட்


மாதாவே துணை

கொட்டாஞ்சேனை
14.2.1967

அன்புள்ள மார்கிறட்டுக்கு,

நீ பொலிஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். தையல் ரீச்சராகப் போனது நாட்டுக்கு நட்டம்.

சனிக்கிழமை பகலில் வேலை, பின்னேரம் பாட்டு. போதுமா? கச்சேரி நடக்கிற கொட்டகை கோவிலுக்குச் சொந்தமில்லை. அதனால் தபசு காலத்திலும் நடக்கிறது. நானும் போனேன். மறைக்கவில்லை.

கேள், போன சனிக்கிழமை நடந்ததை. இரண்டாவது பாட்டு நடக்கும்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் கிற்றார் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. கிற்றார்க்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். றம் அடிக்கிற பெடியன் மட்டும் நிறுத்தவில்லை. மழை கூடக் கூட அவனும் கூட்டினான், மழை தணியத் தணிய அவனும் தணித்தான். வந்திருந்த ஒருவரும் எழும்பிப் போகவில்லை மார்கிறட். என் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தாளம் போட்டார். பேரெடுத்த ஆட்களின் கச்சேரியில் இப்படி ஒன்று நடக்குமா? கரண்ட் போனால் ரிக்கற் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

பாடுகிற ஆள் புதிதாகச் சேர்ந்தது. படம் எடுத்த அன்று நிற்கவில்லை. கூச்ச சுபாவம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். நீ முதலில் தட்டைக் கேள். ஆளைப் பற்றி அறியாமல் குரலை மட்டும் கேட்டு நீ என்ன சொல்கிறாய் என்பதுதான் எனக்கு வேண்டும். என் மனதுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது.

உன்,
கிறகோரி


மாதாவே துணை

முல்லைத்தீவு
27.2.1967

அத்தானுக்கு,

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். தண்ணீரூற்று முழுக்கக் கேட்டது.

பள்ளிக்கூடம் விட்டு இராசமலர் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐயாத்துரையர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, அப்பளம் போல மெல்லிசாக் கிடக்கு" என்றார். பெட்டிக்குச் சாவி கொடுத்து, புது ஊசி போட்டு, கடை வாசலில் கட்டியிருந்த பெரிய குழாயிலும் இணைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்கிடையில் பாட்டு எழும்பிவிட்டது.

பாடியது ஒரு பெட்டை!

பதினேழு பதினெட்டு வயது இருக்கும். மெல்லிய கீச்சுக் குரல். சொல் ஒன்றும் பிடிபடவில்லை, யாரோ துரத்துவது போல் அவ்வளவு அவசரமாகப் பாடுகிறாள். தெருவில் போனவர்களெல்லாம் நின்றார்கள். "ஆற்ற பெட்டை இது, இந்தத் துள்ளுத் துள்ளுது" என்று ஒருவர் கேட்டார். "இவவின்ர மனிசன் கொழும்பிலயிருந்து அனுப்பினவராம்" என்று ஐயாத்துரையர் கூச்சல் போட்டுச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இராசமலர் ரீச்சர் நிலத்தைப் பார்த்தா. அந்த நேரம் எனக்குச் செத்துப் போகலாம் போல் இருந்தது.

நான் பிழையாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்து இன்னும் இரண்டு நாள் போய், குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கேட்டேன். பெட்டைதான். சந்தேகமே இல்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. புதிதாகச் சேர்ந்த ஆள், கூச்ச சுபாவம், படத்தில் இல்லாத ஆள். அவளுடைய குரல் எனக்குப் பிடித்ததா என்று என்னையே கேட்கிறீர்கள். அது உங்கள் மனதுக்குப் பெரிய காரியம் என்று வேறு எழுதுகிறீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும்? பிடித்திருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றா? அத்தான், எனக்கு வயிறு எரிகிறது. மூன்று வருடத்தில் நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்?

அவள் யார், எந்த ஊர், எந்த வேதம் என்று எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

மார்கிறட்


கொட்டாஞ்சேனை
5.3.1967

மார்கிறட்டுக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அந்தக் குழுவில் பெண் பிள்ளை ஒருத்தியும் இல்லை. அது உனக்கும் தெரியும். அது யாருடைய குரல் என்று கேட்ட உடனேயே கண்டுபிடித்திருப்பாய். நேரே ஒரு வரியில் "சரியில்லை" என்று எழுதியிருந்தால் போதும். கீச்சுக் குரல், பெட்டை, துள்ளல் என்று ஒரு பக்கத்துக்கு நையாண்டி எழுத வேண்டியதில்லை.

எங்கள் கலியாண வீட்டை மறந்துவிட்டாயா? பந்தலில் எல்லோரும் கேட்டுக்கொண்டதால் எழும்பிப் பாடினேன். பாதியில் குரல் உடைந்தது. முதலில் சிரித்தது யார்? மாமா இல்லை, தம்பி இல்லை. மணவறைக் கதிரையில் இருந்த நீதான். முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தாய். அதற்குப் பிறகு நான் கோவிலில் கூட வாய் திறந்ததில்லை. கொட்டாவி விடுகிறேன் என்று எழுதியிருந்தாய், பாடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தேன். அன்றைக்குச் சிரித்தது போதாதென்று இப்போது ஒலிபெருக்கி கட்டி ஊரையே கூட்டிச் சிரித்திருக்கிறாய்.

இன்னொன்று. நீ மூன்றாவது தரமும் அந்தக் கடைக்குப் போனதைத் தம்பி மீன் சந்தையில் வைத்து என்னிடம் சொன்னான். ஒரு தட்டைக் கேட்க மூன்று நாள் எதற்கு? அந்த ஐயாத்துரையருக்கு என்ன வயது? நானும் கேட்கலாம்தானே?

உயிர்ப்புத் திருநாளுக்கு வரமாட்டேன். அடுத்த நாள் திங்கட்கிழமை பின்னேரம் கச்சேரி இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆட்களின் முன்னால் நிற்க எனக்கு விருப்பம்.

கிறகோரி


மாதாவே துணை

முல்லைத்தீவு
5.4.1967

அன்புள்ள அத்தானுக்கு,

ஐயாத்துரையருக்கு அறுபத்திரண்டு வயது. வாயில் பல் நான்கு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் கண்டபோது கலியாண வீட்டுக் கதை ஏன் இதற்குள் வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. கதையை மாற்றப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால் ஒரு வேலை செய்தேன். தம்பியைக் கச்சேரிக்கு அனுப்பினேன். அவன் வாசலில் நின்று முழுக்கப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, பாட்டுக்காரி எண்டு ஒருத்தியும் இல்லை. அத்தான்தான் மைக்குக்கு முன்னால நிண்டு பாடினவர்" என்றான்.

"உனக்கு எத்தினை போத்தில் வாங்கித் தந்தவர்?" என்று கேட்டேன்.

அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடியது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியர் மடத்துக்கு, றேடியோவும் பாட்டுப் பெட்டியும் சேர்ந்த புது றேடியோகிறாம் வந்தது. பாட்டு வகுப்புக்காம். மனம் கேட்காமல் தட்டைக் கொண்டு போனேன். சிஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் இருந்த முத்திரையை வாசித்தா. "இது நாப்பத்தஞ்சு வேகத்தில போடுற தட்டெல்லோ. நீ எங்க போட்டுக் கேட்டனி?" என்றா. சொன்னேன். அவா கன்னியாஸ்திரி என்பதையும் மறந்து சிரித்தா. "ஐயாத்துரையின்ர பழைய பெட்டி எழுபத்தெட்டில மட்டுந்தான் சுத்தும் பிள்ளை. அந்த ஓட்டத்தில போட்டால் மேற்றிராணியார் சுவாமி பாடினாலும் பெட்டை பாடுற மாதிரித்தான் கேக்கும்."

பிறகு அவா ஒரு திருகைத் திருப்பி ஊசியை வைத்தா. ஐயாத்துரையரின் இரும்பு ஊசி தட்டை நன்றாக உழுதுவிட்டது, ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஆறுதலாக ஒருவர் பாடத் தொடங்கினார். இரண்டாவது சொல்லிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அத்தான். சிஸ்ரர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனா.

அத்தான், நான் நையாண்டி பண்ணவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. கலியாண வீட்டில் சிரித்தது உண்மை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பயத்தில் சிரிப்பு வந்தது. அதை இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் என்றைக்கோ மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்போது கேட்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு மறுமொழி: குரல் நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்த முறை சொல்லும் விளங்கியது. வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட ஒருவன் மாங்குளம் சந்தியில் இறங்குகிறான். முல்லைத்தீவு பஸ் வருகிறது. ஏறவில்லை. பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அத்தான், அது வெறும் பாட்டா, நடந்ததா?

உங்கள்,
மார்கிறட்


மாதாவே துணை

முல்லைத்தீவு
2.5.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டுப் படலையைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறார். மன்னிப்புக் கேட்டும் பதில் இல்லையென்றால் நான் என்ன நினைப்பது? பெட்டை இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் வேறு என்ன? படுத்தால் நித்திரை இல்லை.

அதனால் வந்தேன். ஆம், கொழும்புக்கு வந்தேன். போன சனிக்கிழமை. தம்பியின் லொறியில் முன்னுக்கு இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். அவனிடம் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

கொட்டகை வாசலுக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பீப்பா இருக்கிறது அல்லவா? அதன் பின்னால் நின்றேன். உள்ளே இடம் இருந்தது. ரிக்கற் கிழிக்கிற பெடியன்கூட "அக்கா, உள்ள வாங்கோ" என்றான். நான் போகவில்லை.

நீங்கள் நீலச் சேட்டு போட்டிருந்தீர்கள். நான் தைத்தது. பாடும்போது உங்கள் தோள் இரண்டும் இறங்கி, கழுத்து நிமிர்ந்து, முகம் முழுக்க ஒரு வெளிச்சம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை. எனக்குச் சந்தோசம் வந்தது, பிறகு பொறாமை வந்தது. ஒரு பெட்டையாக இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். பாட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு பாட்டும் முடிய, சனம் கை தட்ட, நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும் பார்த்தீர்கள். யாரையோ எதிர்பார்க்கிற பார்வை. நான் இன்னும் ஒதுங்கி நின்றேன். கடைசிப் பாட்டுக்கு முன்னரே நடந்து போய் லொறியில் ஏறிவிட்டேன்.

யாரைப் பார்த்தீர்கள்? என்னைத்தான் என்றால் ஒரு வரி எழுதுங்கள். வேறு யாரையாவது என்றால் எழுதவே வேண்டாம். நான் விளங்கிக்கொள்வேன்.

மார்கிறட்


கொட்டாஞ்சேனை
7.5.1967

அன்புள்ள மார்கிறட்டுக்கு,

என்னைத்தான் என்றால் எழுதுங்கள் என்கிறாய். ஆம் என்று எழுதினால் நீ அழுதுகொண்டு சந்தோசப்படுவாய். ஆனால் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

உன்னை எதிர்பார்த்து நான் வாசலைப் பார்க்கவில்லை. தம்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனானே, அன்றிலிருந்து பார்க்கிறேன். இந்தக் கிழமை யாரை அனுப்பியிருப்பாய், ஐயாத்துரையரையா, பங்குச் சுவாமியையா என்று பார்க்கிறேன். கை தட்டுகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேவுகாரனைத் தேடுகிறேன். அந்தச் சந்தேகம் வீண் இல்லை என்று உன் கடிதம் சொல்கிறது. நீயே வந்து நின்றிருக்கிறாய்.

உன் மன்னிப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதாததும் இதனால்தான். குழுவில் பெண் இல்லை என்று நான் எழுதினேன், நம்பவில்லை. தம்பி சொன்னான், நம்பவில்லை. சிஸ்ரரின் றேடியோகிறாம் சொன்ன பிறகு நம்பினாய்.

மாங்குளம் நடந்ததுதான். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வந்தேன். சந்தியில் தேத்தண்ணீர் குடித்தேன். முல்லைத்தீவு பஸ் வந்து நின்று, ஹோன் அடித்து, போனது. நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பாட்டுக் கட்டும்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றினால் நீ முதலில் அதன் பையில் கை வைப்பாய். பஸ் ரிக்கற்றை எடுத்துத் திகதி பார்ப்பாய். நான் எதையும் ஒளிக்காத காலத்திலேயே அப்படித்தான். மார்கிறட், அதற்குப் பிறகுதான் ஒளிக்கப் பழகினேன். ஓவர்ரைம் என்றது பொய். எல்லாச் சனிக்கிழமையும் பாட்டுப் பழகப் போனேன்.

என் பிழையும் உண்டு. ஆள் யார் என்று சொல்லாமல் உன்னைச் சோதித்தது பிழை. அந்தப் பல்லில்லாத மனிசனை இழுத்தது அதைவிடப் பிழை.

மழை பெய்த அன்று உன்னை நினைத்தேன். அதுவும் உண்மை. அந்தக் கொட்டகையில் நீ என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பீப்பாவின் பின்னால் இல்லை.

இங்கே கோவிலுக்குப் பின்னால் ஒழுங்கையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறையும், சமைக்கக் குசினியும். இங்குள்ள கன்னியர் மடத்தில் தையலுக்கு ரீச்சர் தேடுகிறார்கள். வா. பாட்டை விடமாட்டேன். நீ அங்கேயும் நான் இங்கேயும் இருந்து ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதையும் இனித் தாங்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: என் சேட்டுப் பையில் கை வைக்காதே.

உன்,
கிறகோரி


மாதாவே துணை

முல்லைத்தீவு
12.5.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் பொய்க்கு ஆம் என்று எழுதியிருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன், பிறகு ஒரு மாதத்தில் அதையும் கிண்டத் தொடங்கியிருப்பேன். இல்லை என்று எழுதினீர்கள். இரண்டு நாள் அழுதேன். அழுது முடிய, மனது லேசாக இருந்தது. நான் தேடாமல் நீங்களாகத் தந்த முதல் உண்மை இது.

மாமியிடமும் சிஸ்ரரிடமும் சொல்லிவிட்டேன். மாமி என்றது உங்கள் மாமி, என் அம்மா. அவா, "அங்க போய் அவரோட மல்லுக்கட்டாத" என்றா. சிஸ்ரர் அங்குள்ள மடத்துக்குக் கடிதம் தந்திருக்கிறா. வருகிற வியாழக்கிழமை லொறியில் வருகிறேன். தையல் மெசினையும் ஏற்றுகிறேன். அதை ஏற்றினால் பிறகு கோபித்துக்கொண்டு திரும்பி வருவது லேசான வேலை இல்லை என்று தெரிந்துதான் ஏற்றுகிறேன்.

சேட்டுப் பையில் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணினால் அது பொய்யாகிவிடும். தோய்க்கிற நேரம் கை போகத்தான் செய்யும். உங்களைக் கேட்டுவிட்டு வைப்பேன். இப்போதைக்கு என்னால் ஏலக்கூடியது அவ்வளவுதான்.

இதற்குப் பதில் போடாதீர்கள். போட்டால் வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்து, வரிகளுக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். எழுதாமல் இருங்கள், நான் வந்து சேர்ந்துவிடுகிறேன்.

உங்கள்,
மார்கிறட்